எழுத்துக்கு ஒரு பட்டம்: தென்திருவிதாங்கூர் எல்லைப்புறத்திலிருந்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

கதையும் கவிதையும் எழுதக் கற்பதற்கென ஒரு முதுகலைப் பட்டம் தேவைதானா என்னும் வினா தமிழில் அவ்வப்போது எழுகிறது. எழுந்தவுடன் அடங்கியும் விடுகிறது. எழுத்து கற்பிக்கத்தக்கதன்று என்று ஒரு சாராரும், மேலைநாடுகளில் உள்ளது நமக்கும் வேண்டும் என்று மற்றொரு சாராரும் கூறுவதோடு விவாதம் நின்றுவிடுகிறது. இவ்விரு விடைகளும் ஒரு செய்தியைக் கருதாமல் விடுகின்றன. எழுத்தைக் கற்பிப்பது என்றால் எந்த மொழியில், எந்த வழக்கில் கற்பிப்பது என்பதே அது. இவ்வினாவை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் தம்முடையதாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இதனை ஆராய்வதற்குத் தமிழும் மலையாளமும் கலந்து பயிலும் எல்லைப்புறம் ஒன்றை எடுத்துக்கொள்வது பயன் தரும். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அண்மையில் உள்ளது செங்கல் என்னும் ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு களியக்காவிளைக்கருகே அமைந்தது. ஆட்சியெல்லை அவ்வாறு வகுக்கப்பட்டதேயன்றி, மொழியெல்லை அவ்விடத்தில் அவ்வளவு தெளிவாக இல்லை.

ஊரின் பெயராக நிற்கும் சொல்லே இதற்குச் சான்று. தமிழில் செங்கல் என்பது மண்ணைக் குழைத்து அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டெடுப்பது. மலையாளத்தில் செங்கல்லு என்பது நிலத்திலிருந்து நேரே வெட்டியெடுக்கப்படும் செம்புரைக்கல். வெட்டுகல் எனவும் அது வழங்கும். சொல் ஒன்றாயினும் பொருள்கள் வேறு. இத்தகைய ஊரில் பிறந்து, வீட்டில் ஒரு வழக்கும் பள்ளியில் வேறொரு மொழியும் பயின்று, எழுத விரும்பும் மாணாக்கர் ஒருவர் படைப்பெழுத்தில் பட்டம் பெற எண்ணினால் அவர்முன் உள்ள வழிகள் யாவை? அவை அவருக்கு எதைத் தரும், எதைக் கேட்டுப் பெறும்? இவையே இங்கு ஆராயப்படுகின்றன.

2. பட்டத்தின் வரலாறு

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922இல் படைப்பிலக்கிய ஆக்கத்தையும் உயர்பட்டத்திற்குரிய ஆய்வேடாக ஏற்க முன்வந்தது. அங்கு 1936இல் எழுத்தாளர் பட்டறை முறையாகத் தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் 1970இல் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் படைப்பெழுத்துக்கான முதுகலைப் படிப்பைத் தொடங்கினர். இயன் மெக்யூவன் அதன் முதல் மாணாக்கர். இப்படிப்புகளின் அமைப்பு பொதுவாக ஒன்றே. மாணாக்கர் தம் ஆக்கத்தைப் பிறர்முன் வைப்பர், உடன்பயில்வோர் படித்துக் கருத்துரைப்பர், ஆசிரியர் நெறிப்படுத்துவர், முடிவில் ஒரு நாவலோ கதைத்தொகுதியோ கவிதைத்தொகுதியோ ஆய்வேடாக ஏற்கப்படும்.

இவ்வரலாற்றில் மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அயோவாவிலேயே மொழிபெயர்ப்புக்கெனத் தனிப்பட்டம் ஒன்று 1974இல் காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக்கின் முயற்சியால் ஒப்பிலக்கியத் துறையில் உருவாயிற்று. படைப்பெழுத்தும் மொழிபெயர்ப்பும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருவேறு பட்டங்களாக நின்றன. ஆங்கிலம் மட்டுமே அறிந்த மாணாக்கருக்கு இப்பிரிவு இயல்பாகத் தோன்றலாம். இருமொழிச் சூழலில் வளர்ந்தவருக்கு அது இயல்பானதன்று என்பது பின்னர் விளங்கும்.

அயோவாவோடு தமிழ் எழுத்துக்கு நேர்த்தொடர்பும் உண்டு. பட்டத்தின் வேறாக 1967இல் அங்குத் தொடங்கிய பன்னாட்டு எழுத்துத் திட்டத்தில் அசோகமித்திரன் 1973இல் பங்கேற்றார். அப்பட்டறிவிலிருந்து பிறந்ததே ‘ஒற்றன்’ என்னும் அவரது நாவல். எழுத்தைக் கற்பிக்கும் ஊரைப் பற்றிய அந்நாவலில் பாடம் என்று சொல்லத்தக்கது ஏதும் முதன்மை பெறவில்லை என்பது நோக்கத்தக்கது. பல நாட்டு எழுத்தாளர் ஒரே கூரையின்கீழ், தமக்குரியதல்லாத ஒரு மொழியில், ஒருவரையொருவர் அரைகுறையாகப் புரிந்துகொண்டு வாழும் நாட்களே அங்கு எழுத்தாகின்றன. கற்பித்தலைக் காட்டிலும் மொழிகளின் உரசலே அவருக்குப் பொருளாயிற்று.

அண்டை மொழியான மலையாளத்தில் நிலைமை மாறியிருக்கிறது. 2012ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தொடங்கப்பெற்ற துஞ்சத்தெழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகம் திரூரில் இயங்குகிறது. இலக்கிய ஆக்கத்துக்கெனத் தனித்துறையும் முதுகலைப் படிப்பும் அங்கு அமைந்தன. எழுத்தச்சன் என்னும் சொல் எழுத்தறிவிக்கும் ஆசானைக் குறிக்கும் என்பதை எண்ணினால், இப்பெயரே அத்துறைக்குப் பொருத்தமானது எனலாம். தமிழிலோ படைப்பிலக்கியம் பெரும்பாலும் இளங்கலை, முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டங்களில் ஒரு தாள் என்னும் அளவிலேயே நிற்கிறது. அத்தாளிலும் படைப்பின் இலக்கணம் கற்பிக்கப்படும் அளவுக்குப் படைப்பு எழுதப்படுவதில்லை.

ஆகவே நம் எல்லைப்புற மாணாக்கர்முன் இரண்டு வழிகளே உள்ளன. முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திரூருக்குச் சென்று மலையாளத்தில் எழுதும் பட்டம் பெறலாம். அல்லது அதனினும் மிக அண்மையிலுள்ள திருநெல்வேலிக்குச் சென்று தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெறலாம். 1990இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் மனோன்மணியம் சுந்தரனாரின் பெயரைத் தாங்குவது. அவரோ ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் மெய்யியல் கற்பித்து, 1891இல் தம் நாடகக் காப்பியத்தைத் தமிழில் வெளியிட்டவர். பெயரளவில் இவ்விரு நிறுவனங்களும் எல்லைப்புறத்துக்கு உரியவையே. ஆனால் இரண்டும் ஒரு மொழியைத் தெரிந்துகொண்டு மற்றதை வாயிலில் விட்டுவருமாறு கேட்கும் அமைப்புடையவை.

3. கற்பிக்க இயலாது என்னும் கூற்று

எழுத்து கற்பிக்கத்தக்கதன்று என்பதனைத் தமிழ் மரபின் குரலாகச் சொல்வாருண்டு. மரபு அவ்வாறு சொல்லவில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும் மாணாக்கர் இயல்பையும் பாடம் சொல்லும் முறையையும் கேட்கும் முறையையும் வகுத்துரைக்கிறது. யாப்பருங்கலக்காரிகையும் தண்டியலங்காரமும் செய்யுளைப் படிப்பதற்கு மட்டுமன்றிச் செய்வதற்கும் பாடநூல்களாக இருந்தன. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் அவர் மறைந்த 1876 வரை உ.வே. சாமிநாதையர் பயின்ற முறையை அவரது தன்வரலாறு விரிவாகக் காட்டுகிறது. ஆசிரியர் தலபுராணச் செய்யுட்களை வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். ஒரு செய்யுள் உருவாகும்போதே அதன் அருகில் இருந்து கேட்பதே அங்குப் பாடம். மாணாக்கர் தாமும் செய்யுள் இயற்றி ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் பெற்றனர். இதனைப் பட்டறை என்று அவர்கள் அழைக்கவில்லை. எனினும் செயல் அதுவே.

எனவே கற்பிக்க இயலாது என்னும் கூற்று மரபைச் சார்ந்ததன்று. உரைநடை இலக்கியம் புலவர் மரபிலிருந்து விலகிய காலத்தது. அச்சும் இதழ்களும் வந்தபின் எழுத்தாளர் என்பவர் ஆசிரியரில்லாமல் தாமே தோன்றியவர் என்னும் கருத்து வலுப்பெற்றது. புலவர் பயிற்சி பழைய செய்யுளோடு நின்றது. புதிய உரைநடைக்குப் பயிற்சி இதழாசிரியர்களிடமும் நண்பர் குழுக்களிடமும் சென்று சேர்ந்தது. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழைப் புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் அமைந்த ஒரு வகுப்பறை என்று கொள்வதில் தவறில்லை. பட்டம் இல்லாதிருந்ததேயன்றிப் பயிற்சி இல்லாதிருந்ததில்லை.

4. தென்திருவிதாங்கூர் எழுத்தாளர் பயின்ற பள்ளி

தென்திருவிதாங்கூரில் இப்பயிற்சிக்குத் தனித்தன்மை ஒன்றுண்டு. அது பெரும்பாலும் இருமொழிப் பயிற்சியாக இருந்தது. சான்றுகள் சிலவற்றைக் காண்போம்.

நாகர்கோவிலைச் சார்ந்த சுந்தர ராமசாமி (1931–2005) இளமையைக் கோட்டயத்தில் கழித்தவர். தமிழை எழுதப் படிக்கப் பதின்பருவத்தின் இறுதியிலேயே கற்றவர். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியுடெ மகன்’, ‘செம்மீன்’ ஆகிய நாவல்களைத் தமிழாக்கினார். ‘செம்மீன்’ தமிழாக்கம் 1962இலும் அவரது முதல் நாவலான ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966இலும் வெளிவந்தன. தம் நாவலை வெளியிடுமுன் பிறிதொரு மொழியின் நாவலைச் சொல் சொல்லாகத் தமிழில் எழுதிப் பார்த்தவர் அவர். 1981இல் வந்த ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ நாவலின் மையம் ஒரு மலையாள எழுத்தாளர். இல்லாத மலையாள எழுத்தாளர் ஒருவரைத் தமிழில் படைப்பதற்கு இருமொழி இலக்கிய உலகங்களின் உள்நிலையும் தெரிந்திருக்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் பிறந்த நீல. பத்மநாபன் மின்வாரியப் பொறியாளராகப் பணியாற்றியவர். அவரது ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் பகுதிச் செட்டியார் சமூகத்தின் பேச்சுவழக்கை நாவல் முழுதும் பயன்படுத்தியது. ஐயப்பப் பணிக்கரின் கவிதைகளைத் தமிழாக்கியமைக்காகச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசையும் அவர் பெற்றார். ஆ. மாதவன் (1934–2021) திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைக் கதைகளாக்கினார். தேங்காய்ப்பட்டணத்தைச் சார்ந்த தோப்பில் முகமது மீரான் (1944–2019) மலையாளவழிக் கல்வி பெற்றுத் தமிழில் எழுதினார்; 1988இல் நூலான ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ தமிழ், மலையாளம், அரபு ஆகியவற்றின் சொற்கள் கலந்து பயிலும் கடற்கரை வழக்கை முதன்முதலாக நாவலின் நடுவே வைத்தது. ஜெயமோகன் (பி. 1962) ‘நூறு நாற்காலிகள்’ கதையை மலையாளத்தில் ‘நூறு சிம்ஹாசனங்கள்’ எனத் தாமே எழுதினார்.

இவர்களுள் எவரும் படைப்பெழுத்தில் பட்டம் பெற்றவரல்லர். இதனைக் கொண்டு பட்டம் தேவையில்லை என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் சான்றுகள் காட்டுவது வேறு. இவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மொழியைக் கருவியாக வைத்து மற்றொரு மொழியைக் கூர்ந்து கற்றிருக்கின்றனர். பட்டம் இல்லை, பாடத்திட்டம் இருந்தது. அப்பாடத்திட்டத்தின் நடுவில் மொழிபெயர்ப்பு இருந்தது.

5. வினைமுற்று கற்பிக்கும் பாடம்

மொழிபெயர்ப்பு எவ்வாறு படைப்புப் பயிற்சியாகிறது என்பதை ஓர் இலக்கணக் கூற்றைக்கொண்டு விளக்கலாம். ஏ.ஆர். ராஜராஜ வர்மா தம் ‘கேரள பாணினீய’த்தில் மலையாளம் தமிழிலிருந்து வேறுபடும் நெறிகள் ஆறினைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று புருஷபேத நிராசம். அதாவது வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி மறைதல். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன எனப் பலவாக நிற்பவை மலையாளத்தில் ‘வந்நு’ என்னும் ஒரே வடிவில் அடங்கும்.

இவ்வேறுபாட்டின் இலக்கிய விளைவு பெரிது. மலையாளக் கதையொன்று பின்வருமாறு தொடங்குவதாகக் கொள்வோம்: ‘அகத்து கயறி. விளக்கு கெடுத்தி. ஒந்நும் மிண்டியில்ல.’ உள்ளே நுழைதல், விளக்கை அணைத்தல், ஏதும் பேசாதிருத்தல் ஆகிய மூன்று செயல்கள் கூறப்படுகின்றன. செய்தவர் ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மதிப்புக்குரியவரா அல்லரா, கதைசொல்லி தாமேதானா என்பவற்றுள் ஒன்றையும் மலையாள வாக்கியம் சொல்லவில்லை. தமிழாக்குபவர் முதல் சொல்லிலேயே முடிவெடுத்தாக வேண்டும். ‘நுழைந்தான்’ என்றால் ஓர் உலகம். ‘நுழைந்தாள்’ என்றால் வேறோர் உலகம். ‘நுழைந்தார்’ என்றால் கதைசொல்லிக்கும் பாத்திரத்துக்கும் இடையிலுள்ள உறவே மாறிவிடுகிறது.

இந்நெருக்கடியில் மொழிபெயர்ப்பாளர் தம் மொழியின் கருவூலத்தைத் திறந்து பார்க்கிறார். மூன்றாவது வாக்கியத்துக்குத் தமிழில் ‘ஒன்றும் பேசவில்லை’ என எழுதினால் பாலும் இடமும் வெளிப்படுவதில்லை. ‘இல்லை’ கொண்டு முடியும் எதிர்மறைக்கு அவ்விகுதிகள் இல்லை. வினையெச்சமும் பெயரெச்சமும் தொழிற்பெயரும் அத்தகையனவே. ‘உள்ளே நுழைந்ததும் விளக்கை அணைத்ததும் ஒரு நொடியில், பேச்சு ஏதும் இல்லை’ என்று எழுதினால் செய்தவர் மறைவாகவே நிற்பார். ஆனால் மலையாளத்தின் முறிந்த மூன்று வாக்கியங்களின் நடை போய்விடும். ‘விளக்கை அணைத்தாயிற்று’ என்றால் நடை ஓரளவு நிற்கும். செயல் முடிந்துவிட்டது என்னும் மிகைப்பொருள் வந்து சேரும். எதை இழந்து எதைக் காப்பது என்று தேர்வதே எழுத்து. கதையெழுதும் மாணாக்கர் ஒருவர் பத்துப் பட்டறைகளில் அறியக்கூடியதை இம்மூன்று வாக்கியங்கள் ஒரே நாளில் அறிவித்துவிடும்.

மூவிடப்பெயர்களிலும் இதனைக் காணலாம். மலையாளத்தில் ‘அவன்’ என்பதற்கும் ‘அத்தேஹம்’ என்பதற்கும் நடுவில் ‘அயாள்’ என்னும் சொல் நிற்கிறது. இகழ்ச்சியுமில்லாமல் பணிவுமில்லாமல் ஓர் ஆடவனைச் சுட்டுவதற்கு அது உதவுகிறது. எழுத்துத் தமிழில் இதற்கு நேரான சொல் இல்லை. ‘அவன்’ என்றால் தாழ்கிறது; ‘அவர்’ என்றால் உயர்கிறது. சாதியும் வயதும் தொழிலும் மதிப்பை உறுதிசெய்யும் சமூகத்தில், கதைசொல்லி எவரை ‘அவர்’ என்கிறார், எவரை ‘அவன்’ என்கிறார் என்பது இலக்கணச் செய்தி மட்டுமன்று. தமிழிலேயே பிறந்து தமிழிலேயே எழுதுபவர் இதனைத் தன்னியல்பாகச் செய்துவிட்டுப் போகலாம். மலையாளத்திலிருந்து தமிழாக்குபவர் ஒவ்வொரு முறையும் நின்று எண்ணியே செய்ய முடியும்.

பொருள்மாறிய சொற்கள் இப்பயிற்சியின் மற்றொரு பகுதி. ‘அவகாசம்’ தமிழில் கால இடைவெளி, மலையாளத்தில் உரிமை. ‘அவசரம்’ தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு. ‘சம்சாரம்’ தமிழ்ப் பேச்சில் மனைவி, மலையாளத்தில் உரையாடல். ‘சக்கை’ பொதுத்தமிழில் சாறு நீங்கிய கோது, எல்லைப்புறத்தில் பலாப்பழம். ‘வெள்ளம்’ பொதுத்தமிழில் பெருக்கெடுத்த நீர். எல்லைப்புறத்தில் குடிக்கும் நீருமாம். எல்லைப்புற மாணாக்கருக்கு இவை அகராதியில் தேடவேண்டியவை அல்ல, அடுக்களையில் கேட்டவை. ஒரு சொல்லுக்குள் இரண்டு உலகங்கள் இருப்பதை அவர் சிறுபருவத்திலேயே அறிவார்.

6. பட்டறையின் மூன்று கட்டளைகள்

மார்க் மெகர்ல் 2009இல் வெளியிட்ட ‘தி புரோகிராம் ஈரா’ என்னும் நூல், இரண்டாம் உலகப்போருக்குப் பிற்பட்ட அமெரிக்கப் புனைகதையைப் பல்கலைக்கழகப் பட்டறைகளிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என நிறுவுகிறது. அப்பட்டறைகளில் மூன்று அறிவுரைகள் மீண்டும் மீண்டும் ஒலிப்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார்: அறிந்ததை எழுது, சொல்லாதே, காட்டு, உனக்குரிய குரலைக் கண்டுகொள். இவற்றைத் தமிழில் ஒரு பட்டப்படிப்புக்கு அப்படியே கொண்டுவந்தால் விளைவது என்ன?

சொல்லாதே, காட்டு என்பதை முதலில் கொள்வோம். ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் ஊரின் பழங்கதைகளை இளைஞர்களுக்குச் சொல்பவர் தாமோதர ஆசான். அவர் சொல்வதே அப்பகுதிகளின் உயிர். ஆசான் என்னும் சொல் இப்பகுதியில் எழுத்து, வைத்தியம், களரி ஆகிய எதைக் கற்பிப்பவரையும் குறிக்கும். சொல்லுதலை விலக்கும் விதியைக் கையிற்கொண்டு அந்நாவலைத் திருத்தப் புகுந்தால் ஆசானை வெளியேற்ற வேண்டியிருக்கும். சொல்கதை மரபு வலிமையாக உள்ள மொழியில் இவ்விதி ஓர் உத்தி என்னும் அளவில் ஏற்கத்தக்கது, நெறியாக ஏற்கத்தக்கதன்று.

உனக்குரிய குரலைக் கண்டுகொள் என்பது இன்னும் சிக்கலானது. ஒருமொழிச் சூழலில் குரல் என்பது ஒரு மொழிக்குள் தேடப்படுவது. எல்லைப்புறத்தார்க்குக் குரல் ஒன்றாக இல்லை. வீட்டில் ‘ஓர்மை’ என்பவர் தமிழ் வகுப்பில் ‘நினைவு’ என்று எழுதக் கற்கிறார். மலையாளியிடம் பேசும்போது தமிழ் ஒலிப்பும், தமிழரிடம் பேசும்போது மலையாள ஒலிப்பும் இருபுறத்தாராலும் சுட்டிக்காட்டப்படுகின்றன. பட்டறையில் உடன்பயில்வோர் கருத்துரைக்கும்போது அவரது நடைமீது முதலில் எழும் கருத்து, ‘இது தமிழா?’ என்பதாகவே இருக்கக்கூடும். பெரும்பான்மையோரின் செவியே அளவுகோலாகும் அவையில் சிறுபான்மை வழக்கு பிழையாகத் தோன்றும். பட்டத்திற்காக எழுதுபவர் மதிப்பெண்ணை எண்ணி அதனை நீக்கிவிடுவார். பட்டப்படிப்பால் வரக்கூடிய மெய்யான கேடு இதுவே.

இவ்வழக்குகளைப் பிழை என்று கொள்வதற்குத் தமிழ்ப் புலமை மரபில் இடமில்லை. செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்துக் குறிப்பினவாகத் திசைச்சொற்களைத் தொல்காப்பியம் ஏற்கிறது. உரையாசிரியர் எண்ணும் அந்நிலங்களுள் வேணாடும் ஒன்று. எஸ். வையாபுரிப் பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு நிறைவெய்திய சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி நாஞ்சில்நாட்டு வழக்குகளை அவ்வாறே குறிப்பிட்டுப் பதிவு செய்கிறது. அகராதி ஏற்ற சொல்லை விடைத்தாள் மறுப்பது முறையன்று.

7. பட்டத்தின் சார்பில்

இதுகாறும் கூறியவற்றால் பட்டமே வேண்டா என்பது கருத்தன்று. பட்டமில்லாத பயிற்சிக்கும் குறைகள் உண்டு. அவை பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி நடத்திய ‘காகங்கள்’ கூட்டங்கள் பல எழுத்தாளருக்கு உரமாயின. திருவனந்தபுரத்தில் நகுலன் 1968இல் தொகுத்து வெளியிட்ட ‘குருக்ஷேத்திரம்’ ஒரு நண்பர் வட்டத்தின் உழைப்பு. இவற்றின் அருமையை மறுப்பார் இலர். ஆயினும் நண்பர் வட்டத்துக்கு அறிவிப்புப் பலகை இல்லை. அறிமுகம் உள்ளவர் நுழைவர்; இல்லாதவர் அப்படி ஒன்று இருப்பதையே அறியார். மாலை மயங்கியபின் ஒருவர் வீட்டு மாடியிலோ தேநீர்க் கடையிலோ கூடும் கூட்டத்துக்குச் செல்ல எல்லார்க்கும் இயல்வதில்லை. மேலே எண்ணிய பெயர்கள் அனைத்தும் ஆண்பெயர்கள் என்பதைப் படிப்போர் கவனித்திருக்கலாம். இப்பகுதியிலிருந்து 1964இல் ‘புத்தம் வீடு’ நாவலை வெளியிட்ட ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர் என்பது தற்செயலன்று. கல்விக்கூடம் அவருக்குத் திறந்த வாயிலாக இருந்தது.

வெற்றி பெற்றவர்களைக் கொண்டே பயிற்சி முறையை மதிப்பிடுவதில் ஒரு பிழை உள்ளது. ஆசானின்றி எழுதி நிலைத்தவரை நாம் அறிவோம். ஆசானின்மையால் நின்றுபோனவரை அறிய வழியில்லை. செங்கல்லிலோ பாறசாலையிலோ உள்ள ஒரு பெண், அறிமுகம் ஏதுமின்றி ஒரு விண்ணப்பத்தால் நுழையக்கூடிய இடம் பல்கலைக்கழகம் ஒன்றே. கட்டணம், உதவித்தொகை, விடுதி, வருகைப்பதிவு ஆகிய வறண்ட ஏற்பாடுகள்தாம் இரண்டு ஆண்டுக் காலத்தை எழுத்துக்கென ஒதுக்கும் உரிமையை அவருக்கு வீட்டாரிடமிருந்து பெற்றுத்தரும். அவகாசம் என்னும் சொல்லின் தமிழ்ப்பொருளும் மலையாளப்பொருளும் இங்கு ஒன்றுசேர்கின்றன.

பிழைப்பு பற்றியும் ஒரு சொல். மின்வாரியப் பணியும் கடையும் ஆசிரியத் தொழிலும் மேற்கண்ட எழுத்தாளரைக் காத்தன, எழுத்து காக்கவில்லை. பட்டமும் காக்கும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் மொழிபெயர்ப்பை உள்ளடக்கிய பட்டம் ஒருவர் கையில் ஒரு தொழிலைத் தரும். பாடநூல், ஆட்சிமொழி, இதழியல், திரைப்பட வசனம் எனத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையில் செய்யவேண்டிய பணி நிறைய உள்ளது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள வகைசெய்தது. அவ்வுரிமை நடைமுறையாவதற்கு இருமொழியும் எழுதத் தெரிந்தவர் வேண்டும்.

8. பாடத்திட்டம் எவ்வாறு அமையலாம்

மேற்கண்ட ஆய்விலிருந்து சில பரிந்துரைகள் பெறப்படுகின்றன.

ஒன்று: மொழிபெயர்ப்பு விருப்பப் பாடமாக இல்லாமல் முதற்பருவத்திலிருந்தே கட்டாயப் பாடமாதல் வேண்டும். மாணாக்கர் தம் சொந்தக் கதையை முன்வைக்குமுன், பிறிதொரு மொழியின் கதையொன்றை முழுமையாகத் தமிழாக்கி, தாம் செய்த தேர்வுகளுக்குக் காரணம் எழுதித் தரவேண்டும். ஒரு மொழி மட்டும் அறிந்தவர் பழந்தமிழ்ப் பகுதியை இன்றைய உரைநடையாக்கலாம், அதுவும் மொழிபெயர்ப்பே.

இரண்டு: வழக்காய்வு ஒரு தாளாதல் வேண்டும். மாணாக்கர் தம் ஊர்ப் பேச்சைப் பதிவுசெய்து, அதன் ஒலியன்களையும் வினைவடிவங்களையும் சொற்களையும் வகைப்படுத்த வேண்டும். தம் வழக்கின் இலக்கணத்தைத் தாமே எழுதியவர் அதனைப் பிழையென்று கூறுவார்க்கு விடைகூற வல்லவராவார். திருவனந்தபுரத்தில் வ.அய். சுப்பிரமணியம் வளர்த்த மொழியியல் ஆய்வுமரபு இதற்குத் துணையாகும்.

மூன்று: ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவில் அவ்வழக்கை அறிந்த ஒருவர் இடம்பெற வேண்டும். எல்லைப்புற நடையில் எழுதிய நாவலைத் தஞ்சாவூர்ச் செவிகொண்டு மட்டும் அளத்தல் கூடாது. வடிவ ஓர்மை, நடையின் உறுதி, வழக்கைத் தெரிந்து கையாளுதல் ஆகியவற்றுக்கே மதிப்பெண் உரியது, பொதுத்தமிழோடு ஒத்திருத்தலுக்கன்று.

நான்கு: இருமொழி ஆய்வேட்டுக்கு இடம் தரவேண்டும். ஒரே கதையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, இரண்டும் எங்கே பிரிந்தன என்று ஆராயும் ஆய்வேடு தமிழியலுக்கும் மொழிபெயர்ப்பியலுக்கும் ஒருங்கே பயன்படும். திரூரும் திருநெல்வேலியும் இணைந்து இத்தகைய பட்டத்தை வழங்குவதற்குக் கொள்கையளவில் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

இவற்றுக்கு ஒரு மறுப்பு எழலாம். மொழிபெயர்ப்பை நடுவில் வைத்தால் படைப்பு பின்தள்ளப்படும். மாணாக்கர் பிறர் நடையின் நிழலிலேயே நின்றுவிடுவர் என்பது அது. சுந்தர ராமசாமியின் புனைகதை தகழியின் நடையில் அமையவில்லை, நீல. பத்மநாபனின் நாவல் ஐயப்பப் பணிக்கரின் கவிதையை நினைவூட்டுவதில்லை. பிறர் நடையை உள்ளிருந்து அறிந்தவரே அதனின்றும் விலகும் வழியையும் அறிவர்.

9. முடிவுரை

படைப்பெழுத்தில் பட்டம் என்பது தமிழ் மரபுக்கு அயலான கருத்தன்று. ஆனால் அதனை அயல்நாட்டுப் பட்டறையின் படியாக அமைத்தால், ஒருமொழிச் சூழலுக்கென உருவான அறிவுரைகள் பன்மொழிச் சூழலில் வளர்ந்தோரின் வளத்தையே குறையாகக் காட்டும். தென்திருவிதாங்கூர் எழுத்தாளர் தாமே வகுத்துக்கொண்ட பயிற்சியில் மொழிபெயர்ப்பும் வழக்கறிவும் அடித்தளமாக இருந்தன. அவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளுமாயின், இதுவரை அறிமுகமும் வாய்ப்பும் உள்ளவர்க்கு மட்டும் கிட்டிய பயிற்சி விண்ணப்பிப்போர் அனைவர்க்கும் உரியதாகும். ஏற்காமல் பொதுத்தமிழின் தேர்வுத்தாளாக மட்டும் அப்பட்டம் அமையுமாயின், எல்லைப்புற மாணாக்கர் திரூருக்குச் சென்று மலையாள எழுத்தாளராவார். அல்லது திருநெல்வேலிக்குச் சென்று ‘ஓர்மை’யை அடித்துவிட்டு ‘நினைவு’ என்று எழுதக் கற்பார். இரண்டிலும் இழப்பு தமிழுக்கே. பாடத்திட்டக் குழுக்களில் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இடம்பெற்று இவ்விழப்பைத் தடுத்தல் அவர்தம் கடனாகும்.